புதுச்சேரியைச் சுற்றிக் காட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய வழிகாட்டி நண்பர்களுக்கு,

வணக்கம். வெளியூர்ப் பயணிகளைக் கடற்கரைச் சாலையில் நடக்க வைத்தும், மிதிவண்டியில் கூட்டிச் சென்றும், ஆட்டோவில் ஏற்றிச் சென்றும் நம் ஊரைக் காட்டும் உங்கள் அனைவருக்கும், தங்கும் விடுதிகளின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று "இங்கே என்ன பார்க்கலாம்?" என்ற கேள்விக்கு நாள்தோறும் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனாலும், ஒரு மனக்குறையிலிருந்துதான் இது தொடங்குகிறது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

போன பொங்கல் விடுமுறையில் ஒரு மாலை, கடற்கரையில் போர் நினைவுச்சின்னத்துக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் அடங்கிய ஒரு குழுவை ஓர் இளைஞர் அழைத்து வந்தார். அந்தத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் அந்தச் சின்னம் எழுப்பப்பட்டது, பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று அதற்கு விளக்கு அலங்காரம் செய்வார்கள் என்றெல்லாம் தெளிவாகவும் பிழையில்லாமலும் சொன்னார். குழுவிலிருந்த ஓர் அம்மையார், கையில் சின்னக் குறிப்பேடு வைத்திருந்தவர், "இந்த ஊரில் விடுதலைப் போராட்டம் ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். "இங்கே அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, மேடம். பிரெஞ்சுக்காரர்கள் நல்லபடியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்" என்று தம்பி சிரித்தபடி பதில் சொன்னார். அம்மையார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரும் காகிதப்பூ படர்ந்த மஞ்சள் சுவர் ஒன்றைத் தேடிப் படம் எடுக்கப் போனார்கள்.

நான் எழுந்து குறுக்கிடவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் கோபம் இருந்தது. முதலியார்பேட்டை வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் என் மீதே திரும்பிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். நம் ஊர் வரலாற்றை நான் கற்பித்ததெல்லாம் இரண்டு மதிப்பெண் வினாவாகத்தான். அந்தத் தம்பியை யார் வகுப்பில் உட்கார வைத்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே, வகுப்பில் சொல்லத் தவறியதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வேறோர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் நானும் ஒரு பயணியாக, உங்களைப் போன்ற ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து போய்த்தான் இதைப் புரிந்துகொண்டேன். சென்ற ஆண்டு மகளோடும் மருமகனோடும் வியட்நாமுக்குச் சுற்றுலா போயிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த நாடு அந்நியமானதன்று. என் தாயாரின் தந்தை, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போன 'சொல்தா'. நாங்கள் அவரைச் சைகோன் தாத்தா என்றே அழைத்தோம். அவர் திரும்பி வந்தபோது மெருகெண்ணெய் பூசிய ஒரு பெட்டியையும், பிரெஞ்சு ஓய்வூதியத்தையும், மீன் சாறு ஊற்றாமல் சோறு இறங்காத ஒரு நாக்கையும் கொண்டு வந்தார். பண்டிகை நாளில் எங்கள் அம்மா 'நெம்' என்னும் வியட்நாமியச் சுருள் பலகாரம் பொரிப்பார். இந்த ஊரில் பல வீடுகளில் இன்றும் அந்தப் பழக்கம் இருப்பது உங்களுக்கும் தெரியும். அங்கே போய் அவர் யாரைச் சுட்டார், யாரால் சுடப்பட இருந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஹனோயில் எல்லாப் பயணிகளும் போகும் இடம் ஹோ சி மின் உடல் வைக்கப்பட்டிருக்கும் நினைவிடம். 1945 செப்டம்பர் 2 அன்று அவர் வியட்நாமின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்த பா தின் சதுக்கத்திலேயே அது நிற்கிறது. 1973-இல் கட்டத் தொடங்கி 1975-இல் திறந்திருக்கிறார்கள். காலை வேளையில் மட்டுமே அனுமதி. பையையும் கேமராவையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அரைக்கால் சட்டைக்கு இடமில்லை, தலையில் தொப்பி இருக்கக் கூடாது, கைகளைச் சட்டைப்பைக்குள் விடக் கூடாது, பேசக் கூடாது. இருவர் இருவராக வரிசையில் நகர வேண்டும். வெள்ளைச் சீருடை அணிந்த காவலர்கள் கண்ணாலேயே நம்மை முன்னே தள்ளுகிறார்கள். என் மருமகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு ஒரு காவலர் வந்து அவர் முழங்கையைத் தொட்டுக் கீழே இறக்கிவிட்டுப் போனார். உள்ளே குளிர், மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அந்த மெலிந்த முகமும் தாடியும் கைகளும் தெரிகின்றன. நிற்க விடமாட்டார்கள். நடந்துகொண்டே பார்த்து முடிப்பதற்குள் வெளியே வெயிலுக்கு வந்துவிடுகிறோம்.

உண்மையைச் சொன்னால், அங்கே எனக்கு எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய மனிதரைப் பார்த்துவிட்டு ஒன்றும் தோன்றவில்லையே என்ற கூச்சம்தான் இருந்தது. சைகோன் தாத்தாவின் பேரன் இங்கே வந்து நிற்பதில் ஏதோ ஒரு பொருள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வரிசை என்னை வெளியே தள்ளிவிட்டது.

எங்களுக்கு வழிகாட்டிய பெண் இதை எதிர்பார்த்திருந்தவர் போல, "இனிமேல்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது" என்று சொல்லித் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். இந்தோசீனாவின் பிரெஞ்சு ஆளுநருக்காகக் கட்டி, 1906-இல் முடிக்கப்பட்ட மாளிகை அங்கே இருக்கிறது. அதைப் பார்த்ததும் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதே மஞ்சள். நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரத்துச் சுவர்களில் நீங்கள் நாள்தோறும் காட்டும் அதே மஞ்சள், ஓரங்களில் அதே வெள்ளைப் பட்டை. 1954-இல் நாட்டின் வட பகுதி அவர் கைக்கு வந்தபோது, இந்த மாளிகையில் குடியிருக்க ஹோ சி மின் மறுத்துவிட்டு, விருந்தினரை வரவேற்க மட்டும் அதைப் பயன்படுத்தினார். முதலில் அதே வளாகத்தில் மின்பணியாளர் ஒருவர் இருந்த சிறிய வீட்டில் தங்கினார். 1958 முதல் குளத்தங்கரையில் கட்டிய ஒரு மரக்கால் வீட்டில் வாழ்ந்தார்.

அந்த மரவீட்டின் மேல் தளத்தில் இரண்டே அறைகள். ஒன்றில் கட்டில், இன்னொன்றில் எழுதும் மேசை. இவற்றைத் தவிர ஒரு கடிகாரம், ஒரு வானொலி, சில புத்தகங்கள். சுவரில்லாத கீழ்த்தளத்தில் நீண்ட மேசையைச் சுற்றி நாற்காலிகள். அதன் ஓரமாக ஒரு தாழ்வான திண்ணை ஓடுகிறது. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சைத் தொடும் உயரம். பார்க்க வரும் குழந்தைகள் உட்காரக் கட்டியது அது என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலேயே, குரலைச் சற்றுத் தாழ்த்தி இன்னொன்றையும் சொன்னார். ஹோ சி மின் தம் இறுதி விருப்பத்தில், தம் உடலை எரித்து, சாம்பலை மூன்று பங்காக்கி நாட்டின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலும் குன்றுகளில் புதைக்கும்படியும், சிலையோ கல்லோ வைக்காமல் வருகிறவர்கள் மரம் நடும்படியும் எழுதியிருந்தார். 1969-இல் அவர் இறந்தபோது அந்தப் பகுதியை வெளியிடவில்லை. அவர் இறந்த நாளைக்கூட, அது நாட்டின் விடுதலை நாளாகிய செப்டம்பர் 2 என்பதால், ஒரு நாள் தள்ளி அறிவித்தார்கள். 1989-இல்தான் இரண்டும் வெளியே வந்தன. "அவர் எரிக்கச் சொன்னார், நாங்கள் எரிக்கவில்லை. எங்களுக்கு மனம் வரவில்லை" என்றார். அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று எனக்கு விளங்கவில்லை. எங்களோடு நின்ற ஒரு பிரெஞ்சுத் தம்பதியர், அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்தவர்கள், தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பளிங்கும் காவலும் வரிசையும் அரை மணி நேரத்தில் எனக்குச் சொல்லாததை அந்தப் பெண் நான்கு வாக்கியங்களில் சொன்னார். அதற்கு அவர் தம் தலைவரைத் தாழ்த்தவும் இல்லை, தெய்வமாக்கவும் இல்லை. உங்கள் வேலையின் மதிப்பு எனக்கு விளங்கியது அங்கேதான்.

அதே வளாகத்தில் 1990-இல், அவருடைய நூறாவது பிறந்தநாளில், திறந்த அருங்காட்சியகமும் இருக்கிறது. பெரிய கட்டடம். ஓர் அரங்கில் அமெரிக்கக் கார் ஒன்று சுவரைப் பிளந்துகொண்டு பாதி வெளியே நிற்கிறது. அமெரிக்காவின் தோல்வியைக் குறிக்கிறதாம். எனக்கு அது பிடிக்கவில்லை. குறியீட்டை விளக்க ஒரு பலகை, பலகையை விளக்க ஒரு வழிகாட்டி என்று போனால், பார்க்க வந்தவர் தலைவரை விட்டுவிட்டுக் காரைப் படமெடுத்துக்கொண்டு போகிறார். எங்கள் மருமகனும் காரைத்தான் எடுத்தார்.

விடுதி அறைக்குத் திரும்பிய பிறகு, பழைய வாத்தியார் புத்தி விடாமல், ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தேன். அப்போதுதான் ஹனோயும் புதுச்சேரியும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது எனக்குள் உறைத்தது. பாடமாக நடத்தியபோது ஏன் உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். 1954 மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் ஹோ சி மின்னின் படையிடம் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஜூனில் பாரிசில் பிரதமர் மெந்தேஸ் பிரான்சின் அரசு வந்தது. ஜூலையில் ஜெனீவாவில் இந்தோசீனப் போரை முடித்து வைத்தது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் அதே அரசு நம் பக்கம் திரும்பியது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் அன்றுதான் கொடியேற்றுகிறோம். ஆக, அந்தத் தம்பி சொன்ன கையெழுத்து உண்மைதான். ஆனால் அந்தக் கையெழுத்துப் போடும் கையை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள், கடல் கடந்த ஊரிலும் இருந்தார்கள். வியட்நாமில் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களில் என் தாத்தா ஒருவர்.

இங்கே இருந்தவர்களைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

என் தந்தை வழித் தாத்தா சவானா மில்லில் தறி ஓட்டினார். அது பிற்காலத்தில் சுதேசி மில் ஆனது. அதோடு ரோடியர் மில், கப்ளே மில் என்று மூன்று ஆலைகளின் சங்கொலியில்தான் இந்த ஊர் விழித்தது, உண்டது, உறங்கியது. 1936-ஆம் ஆண்டு ஜூனில் பாரிசில் இடதுசாரிக் கட்சிகளின் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்ததும், பிரான்சின் தொழிலாளருக்கு வாரம் 40 மணி நேர வேலை என்றும் சம்பளத்தோடு விடுமுறை என்றும் சட்டமாயிற்று. அதே மூவண்ணக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை 30 அன்று அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பாட்டி வழக்கம்போல நண்பகலுக்குத் தாத்தாவுக்குச் சோறு கொண்டு போயிருக்கிறாள். பாதி வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சோற்றோடு தூக்கு வீட்டுக்கு வந்தது. தாத்தா இரவில் வேறு வழியாக, தோளில் துண்டு இல்லாமல் வந்தார். என்ன நடந்தது என்று இரண்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு பாட்டி அந்தப் பித்தளைத் தூக்கில் சோறு அனுப்பவே இல்லை. அதில் புளி போட்டு வைத்தாள். புளி பட்டுப் பட்டு அதன் உட்புறம் மட்டும் தங்கம் போலப் பளபளக்கும். மூடி நசுங்கி, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும்.

அந்தச் சாவுகள் வீண்போகவில்லை என்று மேடைகளில் பேசுவதுண்டு. நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மார்தட்டிக்கொள்வார்கள்.

அந்தத் தொழிலாளர்களை ஒன்று சேர்த்தவர் வ. சுப்பையா. 1911 பிப்ரவரி 7 அன்று இந்த ஊரில் பிறந்தவர். துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்கு வயது 25. கடற்கரையில் நான் பார்த்த தம்பியின் வயது. அதற்கு இரண்டாண்டு முன்பே 'சுதந்திரம்' என்ற இதழைத் தொடங்கியிருந்தார். காந்தியடிகள் 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிறகு பொதுவுடைமையாளர் ஆனார். 1950-இல் அவருடைய வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊர் இணைந்த பிறகு சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் போனார். 1993 அக்டோபரில் காலமானார்.

நீங்கள் அவரை அறியாதவர்களல்லர். பெயரை ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிறீர்கள். ரயிலில் வரும் ஒவ்வொரு பயணியும் முதலில் கால் வைப்பது சுப்பையா சாலையில்தான். திரு இருதய பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளைக் காட்ட நீங்கள் அழைத்துப் போவதும் அதே சாலைக்குத்தான். எங்கள் தலைமுறையினர் இன்னும் 'சவுத் புல்வார்' என்றே சொல்லிக்கொண்டிருப்பதால், உங்கள் மீது மட்டும் பழி போடவும் எனக்கு வாய் வரவில்லை. கடற்கரைச் சாலைக்கோ எதுவார் குபேரின் பெயர். அவர் நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்று, 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் வந்து, பின்னாளில் முதலமைச்சரும் ஆனவர். எதிர்எதிராக நின்ற இருவரின் பெயரையும் ஒரே ஊரின் இரண்டு பெரிய சாலைகளுக்குச் சூட்டியிருக்கிறோம். ஒரு பயணியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மஞ்சள் சுவரை மறந்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

நான் உங்களிடம் கேட்பது அதிகமில்லை. ஒரு நாள் சுற்றில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ரயில் நிலைய வாசலில் சாலையின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து கடலூர் சாலைப் பக்கம் ஆலைகள் இருந்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை 2020-இல் மூடப்பட்டதைச் சொல்லுங்கள். 2011-இன் கடைசியில் வந்த 'தானே' புயல் அதன் கூரைகளைப் பிய்த்துப் போட்டதையும் சொல்லலாம். பிறகு 1936-ஐச் சொல்லுங்கள். அங்கே பயணி படம் எடுப்பதற்கு அழகான எதுவும் இருக்காது. துருப்பிடித்த கதவும், மதில் மேல் முளைத்த அரசங்கன்றும்தான் இருக்கும். இல்லாததை நிரப்புவதற்காகத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?

வெள்ளை நகரத்துக்கு வெளியே, தமிழர் பகுதித் தெருக்களுக்குப் போகிறவர்களுக்கு வேறு இரண்டு வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் தெருவில் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. பாரதியார் வீட்டில் 'கவிஞர்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 1908-இல் அவர் இங்கே வந்தது கவிதை எழுதுவதற்காக அல்ல, ஆங்கிலேயர் கைது செய்யாமல் இருப்பதற்காக. வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் வந்ததற்கும் அதுவே காரணம். ஒரு பேரரசிடமிருந்து தப்பி வந்தவர்கள் இன்னொரு பேரரசின் கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தார்கள் என்பதும், 1918 நவம்பரில் பாரதியார் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனார் என்பதும் கேட்பவருக்கு ஊரின் வடிவத்தையே மாற்றிக் காட்டும். நம் ஊரின் எல்லைக்கோடு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று காட்ட, கடலூர்ப் பேருந்தில் ஏறி வெளியே பார்க்கச் சொன்னாலே போதும்.

சொல்லும்போது ஒன்றை மட்டும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். சுரங்கப்பாதைக் கதைகளும் பேய்க் கதைகளும் சுவையாகத்தான் இருக்கின்றன. நானும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சுடப்பட்டு இறந்தவர்களின் கதையில் அந்த உரிமை நமக்கு இல்லை. அதேபோல, சுப்பையாவையோ வேறு யாரையுமோ குறையே இல்லாத மனிதராக்கவும் வேண்டாம். இணைய வேண்டாம் என்று வாக்களித்த அந்த 8 பேரையும் சொல்லுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட வீடுகளையும், ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு வரும் முதிய சொல்தாக்களையும் சொல்லுங்கள். என் இரண்டு தாத்தாக்களும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்கள்தான். ஒருவர் பிரெஞ்சுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். இன்னொருவர் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குத் தப்பி வேறு வழியாக வீட்டுக்கு வந்தார். எனக்குத் தெரிந்து இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. சம்பந்திகள் என்பதாலும் இருக்கலாம்.

பயணிகள் இதற்காகவா பணம் கொடுத்து வருகிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயமே. சூடான குவாசோனும், படம் எடுக்க ஒரு சுவரும், மாலையில் கடற்காற்றும் போதும் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைத் துப்பாக்கிச் சூட்டைக் கேட்க வைத்துத் துன்புறுத்தச் சொல்லவில்லை. பிரெஞ்சுப் பயணிகளுக்கு மனம் புண்படுமோ என்று உங்களில் சிலர் தயங்கலாம். ஹனோயில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பதியரை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் உங்களுக்குத் தரும் மதிப்பெண் குறைந்துவிடும் என்ற கவலை உங்களுக்கு இருப்பதை நான் அறிவேன். உங்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. எனினும், குறிப்பேடு வைத்திருக்கும் ஒருவர் ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் இருப்பார். குறைந்தது அவர் கேட்கும்போதாவது "ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள்.

ஜூலை மாதக் கடைசியில் உங்களுக்குக் கூட்டம் குறைவு. ஜூலை 30 அன்று தொழிற்சங்கத்தினர் கொடிகளோடு வந்து அந்தத் தொழிலாளர்களுக்கு அஞ்சலி செலுத்துவார்கள். ஒரு முறை வந்து ஓரமாக நின்று பாருங்கள். ஹனோயைப் போலக் கையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். நானும் அங்கேதான் இருப்பேன். உங்களில் யாருக்காவது பயணிகளிடம் காட்டுவதற்குக் கையில் ஒரு பொருள் வேண்டுமென்றால், பாட்டியின் தூக்கு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கேட்டால் தருகிறேன். மூடியை மட்டும் மேலும் நசுக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.